சிறுவர் தினத்துக்கு சூப்பர் ஹீரோ குறும்படம்: போட முன்னம் என்னத்தைப் பார்க்கிறது?

களுவாஞ்சிக்குடி, முன்பள்ளி ஆசிரியை:
யூடியூப்பில் "சிறுவர்களுக்கானது" என்று கிடக்கிறதை நம்பிப் போட்டிடாதீங்க. அதைக் குறிக்கிறது பெரும்பாலும் படத்தை ஏற்றினவரேதான். 13 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளைகளின் தரவைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எடுக்கக்கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்துக்காக, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறி அது. அடிதடி எவ்வளவு என்று அதில் தெரியாது. படத்தை ஒருக்கா சத்தத்தோட பாருங்க, மறுகா சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்க. இசை பகிடியாப் போகும், திரையில ஒருத்தன்ட தலையைச் சுவரில மோதிக்கொண்டிருப்பாங்க. பெயர்கள் ஓடி முடியுமட்டும் பாருங்க, வில்லன் திரும்பி வாற துண்டுக்காட்சி அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

கல்முனை, ஒலி ஒளி வேலை செய்றவர்:
டீச்சர், மின்னல், லேசர் காட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஒரு நொடிக்கு 3 தரத்துக்கு மேல திரை பளிச்சிட்டால், வலிப்பு வரக்கூடிய பிள்ளைக்கு ஆபத்து. கடும் சிவப்பு இன்னும் மோசம். 1997 டிசம்பரில் ஜப்பான் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் காட்சி சிவப்பும் நீலமுமா மாறி மாறி அடிச்சு, 600க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. எண்ணுறது லேசு. வேகத்தை 0.25 ஆக்கினால் ஒரு நொடி 4 நொடியாகும். அந்த 4 நொடிக்குள்ள 3ஐத் தாண்டினால் படத்தை விடுங்க. மல்ட்டிமீடியா போடக்குள்ள மண்டபத்தை முழுசா இருட்டாக்க வேணாம், முன்வரிசையையும் திரையடிக்கு விட வேணாம்.

அக்கரைப்பற்று:
எல்லாரும் இரத்தத்தைத்தான் தேடுறாங்க. நான் பார்க்கச் சொல்றது, பிள்ளை வீட்டில செய்துபார்க்க ஏலுமா என்றுதான். கண்ணால லேசர் விட எந்தப் பிள்ளைக்கும் ஏலாது. உம்மாட துவாயைக் கழுத்தில முடிஞ்சுகொண்டு மதில்ல இருந்து பாய ஏலும். துவாய் கொக்கியில மாட்டினால் கழுத்து இறுகும். பெரிய படத்தை விட குறும்படத்தில இது கூட. எடுக்கிறவங்கட கையில காசு இல்லாததால ஹீரோவுக்குச் சக்தி வாறது வீட்டுச் சாமானாலதான்: பிளக்கில கம்பி குத்துறது, போத்தல்ல கிடக்கிற ஏதோ ஒண்டைக் குடிக்கிறது. பாய்ஞ்சு விழுந்தவருக்கு நோகுதா, இல்லாட்டி உடனே எழும்பி ஓடுறாரா என்றும் பாருங்க.

மட்டக்களப்பு:
இந்தியத் தணிக்கைக்குப் போன படமென்றால் யுஏ (பெற்றோர் வழிகாட்டலோட பார்க்கிறது) 7+, 13+, 16+ என்று வயது கிடக்கும், 2024இல் வந்த முறை. யூடியூப்புக்கென்றே எடுத்த குறும்படங்கள் தணிக்கைக்குப் போறதில்ல. இன்னொண்டு. ராட்சத அலையை ஹீரோ தடுக்கிற காட்சி இருந்தால், கல்லாறு, நாவலடிப் பக்கம் யோசிச்சுப் போடுங்க. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பின்னால இருக்கிற அம்மம்மாமார் 2004ஐப் பார்த்தவங்க.

களுவாஞ்சிக்குடி, முன்பள்ளி ஆசிரியை:
ஒரு நிமிசம்தான் பிழையென்றால் வெட்டிப்போட்டுப் போடலாமா என்று கேட்பீங்க. சண்டையின் முடிவை வெட்டினால் வில்லன் என்னானான் என்று தெரியாமல் சின்னனுகளுக்குப் பயம் கூடும். வேற படம் எடுங்க.