மறுமொழி: ஆட்டக் கடிகாரம் நிற்கும் நேரத்துக்கு என்ன சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து:
அன்பர்களே, பள்ளி விளையாட்டு விதிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மைதானத்து மேசையில் உட்கார்ந்து நேரம் குறிக்கப்போகும் பிள்ளைகளுக்கானது. கூடைப்பந்தில் நடுவர் விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். பந்து கூடைக்குள் விழுந்தால் மட்டும் நிற்காமல் ஓடும். நான்காவது 10 நிமிடப் பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் அதற்கும் நிற்கும். கால்பந்தில் பந்து வெளியே போனாலும் ஆள் அடிபட்டு விழுந்தாலும் 45 நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீணான நேரத்தை நடுவர் பாதியின் முடிவில் சேர்ப்பார். இதையும், நாக் அவுட் ஆட்டம் சமனானால் ஆடும் 15+15 நிமிடத்தையும் 'கூடுதல் நேரம்' என்றே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் குழம்புகிறார்கள். முதலாவதுக்கு 'ஈட்டு நேரம்' வைக்கலாமா? இழந்ததற்கு ஈடு. கூடைப்பந்துக்குக் 'கடிகார நிறுத்தம்'.

தென்காசியிலிருந்து:
ஈடு என்றால் அடமானமும்தானே அண்ணாச்சி? ஆழ்வார்திருநகரிப் பக்கம் போனால் திருவாய்மொழி உரைக்கே ஈடு என்று பெயர். இருந்தாலும் எதிர்க்கவில்லை, நட்டஈடு எல்லாருக்கும் தெரிந்த சொல்.

களக்காட்டிலிருந்து:
கடிகாரத்தை ஏன் சுமக்க வேண்டும்? கடிகை வடசொல். முல்லைப்பாட்டில் 'குறுநீர்க் கன்னல்' இருக்கிறது, நீர் கொண்டு பொழுதளந்த கருவி. 'நில்கன்னல்' என்று வையுங்கள், கொல்களிறு போல வினைத்தொகை. 'நிற்கன்னல்' என்று திரித்துவிடாதீர்கள். இன்னொன்று. கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த அணி 24 நொடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும். நம் பழங்கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. அந்த விநாடி இன்றைய 24 நொடி, துல்லியமாக! எறிய வேண்டிய அந்த 24 நொடியைக் காட்டும் கடிகாரத்துக்கு 'விநாடிக் கன்னல்' என்று பெயர் வைக்காமல் விடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து:
ஐயா, கணக்கு அருமை, வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் பிள்ளைகளுக்கு விநாடியும் நொடியும் ஒன்றே. கன்னல் என்றால் கரும்பு என்றுதான் பாடத்தில் படித்திருப்பார்கள். விசில் கேட்ட கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டியவன் சொல்லுக்குப் பொருள் தேடக் கூடாது.

நாங்குநேரியிலிருந்து:
மைதானத்தில் 'டைமை நிப்பாட்டுல' என்றுதான் கத்துகிறார்கள். 'நிறுத்தம்' அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. என் ஓட்டு அதற்கே.

தென்காசியிலிருந்து:
பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வருகிறதே! சரி, மணி பதினொன்றாகிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:
அப்படியானால் 'கடிகார நிறுத்தம்', 'ஈட்டு நேரம்' இரண்டையும் சேர்த்துவிடுகிறேன்.

களக்காட்டிலிருந்து:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கன்னலை அடைப்புக்குள்ளாவது போடுங்கள்; புழங்காத சொல் எப்படிப் பழகும்? அப்புறம், கூடைப்பந்து சமனானால் ஆடும் 5 நிமிடத்துக்கு என்ன வைத்தீர்கள்? அதையும் 'கூடுதல்' என்று போட்டுவிடாதீர்கள்.