டிஸ்ரப்டிவ் பேட்டர்ன்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கேமஃப்ளாஜ் என்பதற்கு உருமறைப்பு நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். சிக்கல் அதன் உள்வகையான டிஸ்ரப்டிவ் பேட்டர்னில்தான். மலாயா அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான போர், 1948–1960) காட்டுக்குள் படையினர் உடுத்திய ஜங்கிள் கிரீன் ஒரே நிறத் துணி. இலைதழையோடு நிறம் ஒத்துப்போவதால் மறைக்கிறது. 1960களில் பிரிட்டிஷ் படைக்கு வந்த டிபிஎம் (டிஸ்ரப்டிவ் பேட்டர்ன் மெட்டீரியல்) வேறு: மணல், பச்சை, பழுப்பு, கறுப்பு என நாலு நிறத் திட்டுகள். தோள் எங்கே முடிகிறது என்று கண் தேடும் விளிம்பையே அவை குறுக்கே வெட்டுகின்றன. இரண்டுக்கும் உருமறைப்பு என்றே எழுதினால் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போதும், படையுடைச் சேகரிப்புப் பட்டியலுக்குப் போதாது.

என் முன்மொழிவு: விளிம்புமுறிக் கோலம்.

*

ஐயா, விளிம்பு என்றால் சட்டை ஓரம் நைந்துவிட்டது என்றுதான் வாசிப்பார்கள். உருக்கலைப்பு எப்படி? கூட்டத்தைக் கலைப்பதுபோல உருவைக் கலைக்கிறது.

*

பொருள் அழகு. ஆனால் ஓரெழுத்து பிசகினால் கருக்கலைப்பு! வடிவுடைப்பும் யோசித்தேன், வடிவுடையம்மன் வந்து நிற்கிறாள். தையல்காரர் ஓரம், மடிப்பு என்பாரே தவிர விளிம்பு என்பதில்லை.

'முறி' வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பலமுறை துவைத்துக் கறுப்பு வெளுத்து, பழுப்போடு ஒன்றிவிட்ட டிபிஎம் சட்டையை ஒருவருக்கு மாட்டி, இருபது தப்படி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். திட்டுகள் கலந்து முழுத்தோளும் தெரியும். நிறம் காட்டு நிறமேதான், முறிப்புதான் போயிற்று. திட்டு மிகப் பொடியாக இருந்தாலும் தூரத்தில் இதே கதி.

மறுபக்கமும் உண்டு. வெண்மையூட்டி (துணியைப் பளிச்சென்று காட்டும் ஆப்டிகல் பிரைட்டனர்) கலந்த சலவைத்தூளில் துவைத்த சட்டைமேல் இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்தால் துணி நீலவெள்ளையாக ஒளிரும். அங்கே கோலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டது துணியின் உருமறைப்பு. அலசினாலும் அந்தப் பூச்சு எளிதில் போகாது. இந்த இரண்டு பழுதையும் ஒரே சொல்லால் எப்படிப் பிரித்து எழுதுவது?

*

சரி ஐயா, ஓரம் பற்றிய என் தடையை விட்டுவிடுகிறேன். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கிடைத்த சட்டைக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "பருத்தி. உருமறைப்புச் சட்டை, விளிம்புமுறிக் கோலம், நாலு நிறம். கறுப்பு வெளுத்து முறிப்புக் குன்றியது. வெண்மையூட்டி இல்லை." 'முறிப்புக் குன்றியது' மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. 'முறிப்பு மங்கியது' எனலாமா?