லாங்யியர்பியனில் துருவ ஒளி: எந்த மாதம் போகலாம்?

கேள்வி: நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலுள்ள லாங்யியர்பியனில் துருவ ஒளியை (அரோரா) காண விரும்புகிறேன், விடுப்பு ஜூனில்தான் கிடைக்கும், அது போதுமா?

பதில் 1: ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை, ஆகவே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை பகலும் இருட்டாகவே இருப்பதாலும், ஊர் 78 பாகை வடக்கில் இருப்பதாலும், சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்கள் (சூரியக் காற்று) பூமியின் காந்தப்புலத்தில் துருவத்தருகே உள்ள இடைவெளி வழியே இறங்கி எழுப்பும் பகல்நேரத் துருவ ஒளியை, வானம் தெளிந்திருந்தால், நண்பகலிலேயே காணலாம்.

பதில் 2: திரைபோல் ஆடும் அடர்பச்சை ஒளிதான் வேண்டுமென்றால் வடநார்வே நகரான டிரோம்சோவே மேல் என்பது என் கருத்து.

பதில் 3: டிசம்பரில் போயிருந்தேன். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிட்டதால், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக் காப்பாற்றினேன். தெருவிளக்கைத் தாண்டினால் நன்றாகத் தெரியும்தான். ஆனால் பனிக்கரடி உலவும் இடமாதலால், துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியில்லாமல் ஊர் எல்லையைக் கடக்காதீர்கள்.