தம்பிக்குத் தெரியாமல் பாலில் மாத்திரை கலப்பதைத் தொடரலாமா?

தென்காசி அக்கா:
தம்பிக்கு 31 வயது. கல்லூரி கடைசி வருடத்தில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்க ஜன்னலோரம் நிற்பான். மனச்சிதைவு நோய் என்றார் மருத்துவர். மாத்திரை உள்ளே போனால் தூங்குகிறான், குளிக்கிறான், கடைக்குப் போய் வருகிறான். ஆனால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கையில் வாங்கவே மாட்டான். அதனால் அம்மா அந்த ஒலான்சபின் மாத்திரையைப் பொடித்து ராத்திரிப் பாலில் கலக்கிறாள். இப்போது டம்ளரை முகர்ந்து பார்க்கிறான்.

அத்தையோ, ‘இது செய்வினை, குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வை, அப்புறம் ஒரு கல்யாணம் பண்ணி வை, தெளிந்துவிடும்’ என்கிறாள். அம்மாவும் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பா’ என்று தினமும் அழுகை. எனக்கும் குடும்பம் இருக்கிறது. என்ன செய்ய?

ராதா, திருச்சி:
கணவரின் இதே மாதிரி நோயை மறைத்துக் கட்டிவைக்கப்பட்டவள் நான். அதனால் கல்யாணப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். அவன் தேறி, தானே விரும்பி, பெண்ணுக்கும் எல்லாம் தெரிந்து நடந்தால் அது வேறு.

என் மாமியாரும் ரசத்தில் கலந்தவர்தான். ஒருநாள் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியை என் கணவர் பார்த்துவிட்டார். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தவர். அப்புறம் மாதக்கணக்கில் தானே உரித்த வாழைப்பழமும் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும்தான் சாப்பாடு. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது வீம்பு இல்லை, நோயே அப்படிச் சொல்ல வைக்கிறது.

ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். கலந்து கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நாள்பட வேலை செய்யும் ஊசி பற்றிக் கேளுங்கள். என் கணவருக்குப் போடுவது புளூஃபெனசின் என்ற ஊசி. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி, தினசரிச் சண்டை இல்லை.

குணசீலம் எங்கள் ஊர்ப் பக்கம். உச்சிகால பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அம்மாவுக்கு அதில் தெம்பு கிடைத்தால் போகட்டும், மருந்துப் பையும் கூடவே போகட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மாவின் பயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. அரசு மருத்துவமனையில் மதிப்பிட்டு, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகள் கிடைக்கும். அப்பா அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத மகனுக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கேட்க வழியிருக்கிறது. அம்மா இருக்கும்போதே தம்பி பெயரைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் நீங்களும் யாரிடமாவது பேச வேண்டும் அம்மா. 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

தென்காசி அக்கா:
அப்பா தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். இந்த ஓய்வூதியம் பற்றி எங்களுக்கு யாருமே சொன்னதில்லை, நன்றி ஐயா. ராதா அக்கா, ஊசிக்கு அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

ராதா, திருச்சி:
நோய் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. தூக்கம் வரவில்லை என்று அவரே புலம்புவார். ‘அதை டாக்டரிடம் கேட்போமா’ என்றேன், வந்தார். ஊசி எதற்கென்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். முதல் தடவை எழுந்து போய்விட்டார், அடுத்த தடவை கையை நீட்டினார். தம்பி எதைச் சொல்லிப் புலம்புகிறான் என்று கவனியுங்கள், அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.