ஜெர்மனியில் இந்திய சிம்: வங்கி ஓடிபி மட்டும் வரவில்லை

இடம் மியூனிக். போன் சாம்சங் ஏ54. முதல் ஸ்லாட்டில் இந்திய ப்ரீபெய்டு சிம், இரண்டாவதில் ஜெர்மன் சிம். போன மாதக் கடைசிவரை ஓடிபி ஒழுங்காக வந்தது. இப்போதும் சிக்னல் இருக்கிறது, அழைப்பு வருகிறது, ஊரிலிருந்து தம்பி அனுப்பும் எஸ்எம்எஸ் அடுத்த நொடியே வருகிறது. வங்கிப் பெயரில் வருவது மட்டும் வருவதே இல்லை.

இதுவரை பார்த்தவை: ரோமிங் ஆன், 84 நாள் பேக் இன்னும் முடியவில்லை. நெட்வொர்க்கை நாமே தேர்வு செய்து, கிடைத்த எல்லாவற்றிலும் மாற்றிப் பார்த்தாயிற்று. 4ஜியை அணைத்து 2ஜி மட்டும் வைத்தும் பார்த்தாயிற்று (3ஜி இங்கே 2021லேயே மூடிவிட்டார்கள்). ஸ்பேம் ஃபோல்டரும் பிளாக் பட்டியலும் காலி. வேறு போனில் போட்டாலும் இதே கதை. புது சிம் வாங்கவில்லை, அதனால் சிம் மாற்றினால் வரும் 24 மணி நேர எஸ்எம்எஸ் தடையும் காரணமில்லை.

வங்கியில் "அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள், சிம் நிறுவனத்தில் "வங்கியைக் கேளுங்கள்" என்கிறார்கள். இ-சிம்முக்கு மாறுவதற்கு முன் இதைத் தீர்த்தாக வேண்டும். வெளிநாட்டில் பாதியில் சிக்கினால் எண்ணே முடங்கிவிடும்.

இந்தியா வராமலே, செய்தி எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடவைக்க, சிம் நிறுவனத்திடம் என்ன விவரம் கொடுத்துப் புகார் பதிய வேண்டும்?