உதவி: ஸ்கேல் மாத்தினதும் ஆங்கர் வினாவெல்லாம் தலைகீழா வருது

தேட்டா0: அவசரம். ஐஆர்டி (வினாவோட கடினத்தையும் மாணவர் திறனையும் ஒரே ஸ்கேல்ல அளக்கிற முறை) கணக்கு. ரெண்டு தேர்வுத் தாள், ரெண்டுலயும் பொதுவா வர்ற 12 ஆங்கர் வினா. மீன்-சிக்மா (ஆங்கர் வினாக்களோட சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வெச்சு ஸ்கேலை இணைக்கிற முறை) போட்டுப் புதுத் தாளைப் பழைய ஸ்கேலுக்குக் கொண்டுவந்தேன். எளிய வினா கடினமாவும், கடினமானது எளிதாவும் வருது. ஃபார்முலாவை நாலு தடவை பார்த்துட்டேன். எங்க தப்பு?

வளைவு: எந்த மாடல்? எந்த மென்பொருள்? ஏதாவது ஒரு ஆங்கர் வினாவோட பழைய, புதிய மதிப்பைப் போடுங்க.

நெடுங்கணக்கு: 1.7தான் (சில மென்பொருள் மாடல்ல சேர்க்கிற பெருக்கு எண்), சந்தேகமே வேண்டாம். ஒரு தாளுக்கு அதைப் போட்டு, இன்னொண்ணுக்கு விட்டிருப்பீங்க.

வளைவு: 1.7 ஏ மதிப்பைத்தான் (வினா திறனைப் பிரிச்சுக் காட்டுற அளவு) தொடும், பி (வினாவோட கடினம்) அசையாது. குறி எப்படிங்க மாறும்?

பழஞ்சுவடி: ரெண்டு தாளோட பி மதிப்பையும் ஒரு கிராஃப்ல குத்திப் பார்த்துட்டுத்தான் லிங்கிங்ல (ஸ்கேல் இணைப்புல) கையே வைக்கணும். இதைக்கூடச் சொல்லித்தரணுமா? மீன்-சிக்மால பெருக்கிங்கிறது ரெண்டு திட்ட விலக்கத்தோட விகிதம். அது எப்பவும் பாசிட்டிவ்தான். புள்ளிகள் இடமிருந்து வலம் சரிஞ்சாலும் அது வாயே திறக்காது.

தேட்டா0: 2 பாராமீட்டர் மாடல், ஏயும் பியும். புதுசு மிர்ட்ல (ஆர் மொழியோட ஐஆர்டி தொகுப்பு) ஓட்டினது, பழசு வேற மென்பொருள். 4ஆம் வினா: பழசு −1.4, புதுசு 1.8, ஏ 1.2.

வளைவு: அந்த 1.8 பி இல்லை, டி. மிர்ட் சும்மா கேட்டா இந்த டியை, அதாவது வெட்டுத்துண்டைத்தான் தரும். அது பெருசானா வினா எளிது. டியை ஏயால வகுத்துக் குறியை மாத்துங்க: −1.8 / 1.2 = −1.5. பழைய −1.4க்குப் பக்கத்துல வந்துடுச்சு பாருங்க. கோயெஃப்ல (மதிப்பை எடுக்கிற கட்டளை) ஐஆர்டிபார்ஸ் = ட்ரூ கொடுத்தா நேராவே பி வரும்.
அப்புறம், பெருக்கி = பழைய விலக்கம் / புதிய விலக்கம். கூட்டி = பழைய சராசரி − பெருக்கி × புதிய சராசரி. ரெண்டையும் ஆங்கர்ல மட்டும் கணக்கிட்டு, புதுத் தாளோட எல்லா வினாவுக்கும் போடணும். பியைப் பெருக்கிக் கூட்டுங்க, ஏயைப் பெருக்கியால வகுங்க.

நெடுங்கணக்கு: எதுக்கு இவ்வளவு? ரெண்டு தாளையும் ஒரே ரன்ல ஓட்டினா லிங்கிங்கே வேண்டாம்.

பழஞ்சுவடி: ஓட்டலாம், ரெண்டு குழுவாப் பிரிச்சு, ரெண்டாவதோட சராசரியையும் விலக்கத்தையும் கட்டாம விட்டா. ஒரே குழுவா ஓட்டினா திறன் வித்தியாசமெல்லாம் வினா மதிப்புல போய் ஒட்டிக்கும். பழைய மதிப்பும் நகரும்; ஏற்கெனவே அதுல மார்க் போட்டாச்சுன்னா என்ன செய்வீங்க?

நெடுங்கணக்கு: பழசை ஃபிக்ஸ் பண்ணிட்டு ஓட்டுங்க.

பழஞ்சுவடி: அது வேற முறை. பேச்சை மாத்தாதீங்க.

தேட்டா0: டிதான். பெருக்கி 0.95, கூட்டி 0.1. 9ஆம் வினா மட்டும் கிராஃப்ல கோட்டை விட்டுத் தள்ளி நிக்குது. நன்றி.

வளைவு: 12ல ஒண்ணு விலகினாலே மீன்-சிக்மா ஆடும். முதல்ல வினா வாசகமோ விடைக் குறியோ மாறியிருக்கான்னு பாருங்க. 9ஐ எடுத்துட்டு ஒரு தடவை, ஸ்டாக்கிங்-லார்ட்ல (ரெண்டு ஸ்கேலோட தேர்வு வளைவையும் பொருத்தி இணைக்கிற முறை) ஒரு தடவை போட்டு, பெருக்கியும் கூட்டியும் எவ்வளவு நகருதுன்னு சொல்லுங்க.

வளைவு: தேட்டா0, இருக்கீங்களா?