சைப்ரஸ்: கோட்டின் இரு பக்கமும் கேட்ட பேச்சு

லிமசோல் கடலோடி:

1974 முதல் சைப்ரஸ் தீவு ஒரு கோட்டால் இரண்டாகக் கிடக்கிறது: தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்கள் ஆளும் சைப்ரஸ் குடியரசு, வடக்கே துருக்கிப் படையின் துணையோடு துருக்கிய சைப்ரஸ்காரர்கள் ஆளும் பகுதி. இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் "இரண்டும் சேர்ந்த கூட்டாட்சியா, இரண்டு நாடா" என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. நான் தெற்கில் இருக்கும் லிமசோலில் ஒரு கப்பல் மேலாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்த பிறகு நேரில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

இந்தச் சிக்கல் எங்கள் மேசைக்குக் கப்பலின் கொடியாகத்தான் வருகிறது. 1987 முதல் சைப்ரஸ் கொடி ஏற்றிய கப்பலைத் துருக்கி தன் துறைமுகங்களுக்குள் விடுவதில்லை. போஸ்பரஸ் நீரிணை வழியாகக் கருங்கடலுக்குக் கடந்து போகலாம், 1936 மாண்ட்ரோ ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் துருக்கித் துறைமுகங்களான மெர்சினிலோ இஸ்கெண்டெருனிலோ சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. இந்தப் பக்கமும் ஒரு பூட்டு உண்டு. வடக்கில் இருக்கும் ஃபமகுஸ்தா துறைமுகத்தை 1974 அக்டோபரிலேயே மூடிவிட்டதாக சைப்ரஸ் குடியரசு அறிவித்துவிட்டது. அங்கே போய்வந்த கப்பல் லிமசோலுக்கு வந்தால் கேப்டன் மேல் வழக்குப் பாயும். அதனால் ஒரு சரக்கு பேசும்போது சரக்குக் கூலியைப் பார்ப்பதற்கு முன்பே கொடியையும் கப்பல் கடைசியாகப் போன துறைமுகங்களையும் பார்ப்போம். ஒருமுறை இஸ்கெண்டெருனில் இரும்புச் சரக்கு தயாராக இருந்தது, எங்கள் கப்பலும் பக்கத்திலேயே காலியாக நின்றது. கொடி சைப்ரஸ் கொடி. வேலை வேறு நிறுவனத்துக்குப் போனது. 2005இல் துருக்கி, ஐரோப்பிய ஒன்றியத்துடன் தனக்கு இருக்கும் சுங்க ஒன்றியத்தை சைப்ரஸுக்கும் சேர்த்து விரிவாக்கும் நெறிமுறையில் கையெழுத்துப் போட்டது, ஆனால் துறைமுகத்தைத் திறக்கவில்லை. அதற்காக 2006 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், துருக்கியை உறுப்பினராகச் சேர்ப்பது பற்றிய பேச்சுவார்த்தையில் 8 அத்தியாயங்களை நிறுத்திவைத்தது. அவை இன்னும் அப்படியே கிடக்கின்றன.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர், கிரேக்க சைப்ரஸ்காரர். ஃபமகுஸ்தாவை ஒட்டிய வரோஷாவில் பிறந்தவர். 1974 ஆகஸ்டில் துருக்கிப் படை இரண்டாம் முறை முன்னேறியபோது பள்ளிப் பையன். வீட்டைப் பூட்டி, சாவியை அம்மா கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்களாம். வரோஷா அன்று முதல் ராணுவ வேலிக்குள் காலியாகக் கிடந்தது. 2020 அக்டோபரில் சில தெருக்களை மட்டும் திறந்துவிட்டார்கள். என்னையும் கூட்டிப்போனார். புதிதாகத் தார் போட்ட சாலை, வாடகை சைக்கிள்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, உள்ளே போகக் கூடாது என்ற பலகை. மாடிக் கைப்பிடிகள் துருப்பிடித்துத் தொங்குகின்றன, ஒரு கடையின் உள்ளிருந்து அத்திமரம் ஷட்டரைத் தள்ளிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அவர் வீடு ஒரு குறுக்குத் தெருவில். கயிறு அந்தத் தெரு முனையிலேயே நிற்கிறது.

தீவை மறுபடி இணைக்க ஐ.நா. தந்த அன்னான் திட்டத்தின் மேல் 2004இல் இரு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. அவர் அதில் 'வேண்டாம்' என்று போட்டவர். எனக்கு அது புரியவே இல்லை, ஏனென்றால் அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் வரோஷா திரும்பக் கிடைத்திருக்கும். திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "வீட்டைக் கொடுப்பார்கள். துருக்கி நினைத்தால் மறுபடி இறங்கலாம் என்ற உரிமையையும் கூடவே வைத்துக்கொள்வார்கள். மறுபடி ஓட எனக்கு உடம்பில் தெம்பு இல்லை" என்றார். கிரேக்க சைப்ரஸ்காரர்களில் 75.8 விழுக்காட்டினர் அன்று வேண்டாம் என்றார்கள். வரோஷாவையே திரும்பப் பெறக்கூடியவர் மறுத்தார் என்றால் அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

அப்புறம் வடக்கு நிகோசியா. தலைநகரமான நிகோசியாவையும் கோடு இரண்டாகப் பிரிக்கிறது. லெட்ரா தெரு சோதனைச்சாவடியைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் அரஸ்தா கடைத்தெரு. அங்கே செருப்பும் தோல்பையும் விற்கும் ஒரு துருக்கிய சைப்ரஸ்காரர் எனக்குப் பழக்கம். அவர் 2004இல் 'சரி' என்று போட்டவர், அவர் சமூகத்தில் 64.9 விழுக்காட்டினரைப் போலவே. ஒரே வாரத்தில், மே 1 அன்று, வேண்டாம் என்றவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனார்கள், சரி என்றவர்கள் வெளியே நின்றார்கள். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. கல்லாவில் லிராவும் யூரோவும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார். விலைச்சீட்டில் பழைய லிரா விலையை அடித்து அடித்துப் புது விலை எழுதியிருக்கிறது. ஆங்காரா, அதாவது துருக்கி அரசு, சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பிள்ளைகள் குடியரசின் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு லண்டன் போய்விட்டார்கள்.

ஆனால் துருக்கிப் படை முழுவதும் போகட்டுமா என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. இரு சமூகங்களுக்கும் இடையே நடந்த 1963 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு அவர் குடும்பம் ஒரு துருக்கியர் பகுதிக்குள் அடைந்து வாழ்ந்தது. தீவின் நிலத்தில் 3 விழுக்காடு அளவுக்குச் சுருங்கிய அந்தத் துண்டுகளில்தான் அவர் சமூகத்தின் பெரும்பகுதி இருந்தது. "1964இலேயே ஐ.நா. படை வந்துவிட்டது. 1967இல் கோஃபினூ கிராமத்தில் எங்கள் ஆட்கள் செத்தபோதும் இங்கேதான் இருந்தது. எங்களுக்கு அதில் நம்பிக்கை எப்படி வரும்?" என்கிறார்.

இவர்கள் இருவர் பேச்சையும் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: சண்டையின் முடிச்சு கூட்டாட்சியா இரு நாடா என்பதில் இல்லை, 1960 உத்தரவாத ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் தீவின் அரசமைப்புக்கு உத்தரவாதம் தந்தன. கூடிச் செயல்பட முடியாவிட்டால் பழைய நிலையை மீட்கத் தனியாகவும் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதில் இடம் வைத்தார்கள். 1974 ஜூலை 15 அன்று சைப்ரஸ் அதிபர் மக்காரியோஸ் ஆட்சியைக் கவிழ்க்க வைத்தது ஏதென்ஸின் ராணுவ ஆட்சி. ஜூலை 20 அன்று அந்தப் பிரிவைக் காட்டித் துருக்கி படையை இறக்கியது. தீவிலேயே இரண்டு தளங்கள் வைத்திருந்த பிரிட்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கவிழ்ப்பு சில நாளில் தோற்று, ஏதென்ஸ் ராணுவ ஆட்சியும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆகஸ்ட் 14 அன்று இரண்டாம் தாக்குதல் நடந்து, தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. 1,60,000க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர்கள் தெற்கே ஓடிவந்தார்கள். சுமார் 45,000 துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வடக்கே போனார்கள். காவல் காப்போம் என்று கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர் கூட அந்த வேலையைச் செய்யவில்லை.

வல்லரசுகளுக்கு இந்தத் தீவு எதற்கு என்று இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டனின் அக்ரோத்திரி தளம் லிமசோலை ஒட்டியே இருக்கிறது. அக்ரோத்திரி, தெகேலியா இரண்டும் சேர்ந்து 254 சதுர கிலோமீட்டர், இன்றும் பிரிட்டனின் இறையாண்மை நிலம். 2024 ஜனவரியில் ஏமனின் ஹூதிகள் மேல் குண்டு போட்ட டைஃபூன் விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. செங்கடலில் எங்கள் கப்பல் ஆட்களுக்காகப் பயந்துகொண்டிருந்த வாரம் அது. துருக்கிக்கோ, தன் தென்கரையிலிருந்து 70 கிலோமீட்டரில் இருக்கும் தீவு வேறு கைக்குப் போகக் கூடாது. அமெரிக்காவுக்கு நேட்டோவின் இரண்டு உறுப்பினர்கள் மோதிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் கவலை. 1964இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் துருக்கிப் பிரதமர் இனோனுவுக்குக் கடிதம் எழுதிப் படையெடுப்பைத் தடுத்தார், 1974இல் அப்படித் தடுக்க யாரும் இல்லை. ரஷ்யா 2004 வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ செய்தது. 2011இல் அஃப்ரோடைட் எரிவாயு வயல் கிடைத்த பிறகு இஸ்ரேலும் பிரான்சும் எண்ணெய் நிறுவனங்களும் வந்து சேர்ந்துகொண்டன. 2018இல் இத்தாலியின் எனி எண்ணெய் நிறுவனத்துக்காக வந்த துளையிடும் கப்பலைத் துருக்கிப் போர்க்கப்பல்கள் மறித்துத் திருப்பி அனுப்பின.

பிரிந்தே கிடப்பதால் இவர்களில் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

வடகரை மாணவன்:

அண்ணா, நான் வடக்கில் படித்தவன். ஊரில் ஏஜென்ட் "ஐரோப்பாவில் படிப்பு" என்றுதான் சொன்னார். இஸ்தான்புல் வழியாக எர்ஜான் விமான நிலையத்தில் இறங்கினேன். துருக்கியைத் தொடாமல் அங்கே விமானம் வராது. வீட்டிலிருந்து பார்சல் அனுப்பினால் முகவரியில் "மெர்சின் 10" என்று போட வேண்டும், இல்லாவிட்டால் வந்து சேராது. லெட்ரா தெருச் சாவடியில் ஐரோப்பியர்கள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்களைப் போல எர்ஜான் வழியாக வந்த இந்தியர்களைத் தெற்கே விடமாட்டார்கள், குடியரசின் கணக்கில் நாங்கள் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள். இந்தியத் தூதரகமோ கோட்டுக்கு அந்தப் பக்கம். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடக் கூடாது என்று இடுப்போடு கட்டியே வைத்திருப்போம்.

நான் சொல்ல வந்தது வீட்டு உரிமையாளர் அம்மாவைப் பற்றி. எழுபதுகளில் துருக்கியின் அதானாவிலிருந்து குழந்தையாகக் கூட்டிவரப்பட்டவர். மாலையில் மாடியில் மிளகாய் உலர்த்தும்போது பேசுவார். "எங்களைக் குடியேறிகள் என்கிறார்கள். கல்யாணம், பேரன் பேத்தி எல்லாம் இங்கேதான். ஒப்பந்தம் வந்தால் எனக்கு இந்த வீடு இருக்குமா?" அந்த வீடு 1974க்கு முன் ஒரு கிரேக்கக் குடும்பத்துடையது என்று அவருக்கும் தெரியும். ஒருமுறை அந்தக் குடும்பம் பார்க்க வந்தபோது காபி கொடுத்து உட்கார வைத்தாராம். படியெடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்களையும் கொடுத்து அனுப்பினாராம். எந்தத் திட்டம் எழுதினாலும் இந்த அம்மாவுக்கும் ஒரு வரி வேண்டும்.

ஹாரிங்கே தமிழன்:

லண்டன் கிரீன் லேன்ஸ் பக்கம் இருக்கிறன். இங்க கிரேக்க சைப்ரஸ்காரரும் துருக்கிய சைப்ரஸ்காரரும் பக்கத்துப் பக்கத்துக் கடை. ஒருத்தர் கடைக்கு மற்றவர் வாறது போறது எல்லாம் உண்டு. தீவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மட்டும் சத்தம் கூடும். எங்கட ஊரிலயும் எண்பதுகளில பெரியாக்கள் சைப்ரஸை உதாரணம் காட்டிக் கதைத்தது ஞாபகம். அதனால் துருக்கிய பேக்கரிக்காரரிடம் நேராகவே கேட்டன்: உங்களைக் காப்பாற்ற வந்த படைதானே, பிறகு ஏன் லண்டனுக்கு வந்தனீங்கள்? "உயிரைக் காப்பாற்றினார்கள். அதுக்குப் பிறகு முடிவெடுக்கிற உரிமையையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்" என்றார். அங்க இப்ப சனம் உண்மையில என்ன விரும்புகுது, லிமசோல் அண்ணா?

லிமசோல் கடலோடி:

தம்பி, வடக்கில் என்ன விரும்புகிறார்கள் என்பதற்கு 2025 அக்டோபர் தேர்தலைப் பாருங்கள். இரு நாடு என்று ஆங்காராவோடு சேர்ந்து பேசிவந்த எர்சின் தாதாரைத் தோற்கடித்து, கூட்டாட்சிப் பேச்சுக்குத் திரும்பலாம் என்ற துஃபான் எர்ஹுர்மான் 62 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். இரு நாடு என்பது காகிதத்தில் எளிது. 1983இல் வடக்கு தனி நாடு என்று அறிவித்ததும் பாதுகாப்பு அவையின் 541ஆம் தீர்மானம் அது செல்லாது என்றது. இன்றுவரை துருக்கி தவிர யாரும் அங்கீகரிக்கவில்லை. கூட்டாட்சி கடினம், ஆனால் இரு தரப்பும் 1977இலேயே ஒப்புக்கொண்ட வழி அது.

2017 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் கிரான்-மொண்டானாவில் எல்லோரும் நெருங்கி வந்து பேச்சு உடைந்ததற்குப் பெரிய காரணம் படையும் உத்தரவாதமும்தான். அடுத்த சுற்றில் அதை முதல் நாளே மேசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியாகப் படை இறக்கும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது. அதே நேரம் அந்தத் தோல்பைக் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்கும்படி வேறொரு காவல் ஏற்பாடும் வேண்டும்.

ஒன்றாக வேலை செய்யவே முடியாது என்பவர்களுக்கு நிகோசியாவின் சாக்கடையைக் காட்டுவேன். போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே இரு பக்க மேயர்கள், லெல்லோஸ் டெமெட்ரியாடிஸும் முஸ்தஃபா அக்கின்ஜியும், ஒரே கழிவுநீர்த் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். தெற்கு நிகோசியாவின் கழிவுநீரில் ஒரு பகுதி இன்றும் கோட்டுக்கு அடியில் ஓடி வடக்கில் இருக்கும் நிலையத்துக்குப் போகிறது.

வடக்கில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால், சாவடியில் என்ன கேட்கிறார்கள், ஏஜென்ட்கள் இப்போது என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று எழுதுங்கள். ஊரிலிருந்து கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவும்.